நடுத்தாள் மட்டும்

அந்த அட்டைகளை நான் கிழிக்கவில்லை; உருவினேன். கிழிப்பதற்கும் உருவுவதற்கும் ஏதோ பெரிய வித்தியாசம் இருப்பதுபோல் ஒரு வாரம் ரூமில் எல்லோரிடமும் வாதாடிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். தப்பு என் பக்கம் இருந்தால் இரண்டு மடங்கு வரும். இப்போது நினைத்தால் உருவியதைவிட அந்த வாதம்தான் அதிகம் கூசுகிறது.

எழுபதுகளின் நடுவில் அபுதாபியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் நான் டிராஃப்ட்ஸ்மேன். ஐந்து நாள் ஆபீஸ், ஒரு நாள் முசஃபா சைட், வெள்ளிக்கிழமை துணி துவைப்பது. நாங்களே வாடகைக்குப் பிடித்த ரூமில் ஐந்து கட்டில்கள். ஐந்தாவது கட்டில் காலியானபோது வந்து சேர்ந்தவர் கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்த பெரிய ஹோட்டலில் பியானோ வாசிப்பவர். பொன்மலை ரயில்வே காலனி ஆங்கிலோ-இந்தியர். ஐம்பதை நெருங்கியிருந்தார். நான் திருச்சிக்காரன் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹெவன்ஸ்! மலைக்கோட்டையா மேன் நீ? இனி எனக்குக் கவலை இல்ல." ரூமில் அவருக்கு பியானோ ஸார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஹோட்டலில் அவரை மூன்று மாதத்துக்குப் பார்க்கலாம் என்று எடுத்திருந்தார்கள். பிடித்திருந்தால் நிரந்தரம், தங்குவதற்கு ஜாகை, குடும்ப விசா. இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் அவர் கோட்டின் பித்தானை ஒருமுறை தடவிக்கொள்வார். ஊரில் மனைவி மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. அந்த அம்மாள்தான் வீட்டில் நிஜமான பியானோக்காரி. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் சனிக்கிழமை டான்ஸுக்கு இருபது வருஷம் வாசித்தவர். இவர் பக்கத்தில் நின்று பக்கம் திருப்பியவர். ஹோட்டல் முன்கூடத்தில் பெரிய கறுப்பு பியானோ ஒன்று இருந்தது. காலையில் கூடம் காலியாக இருக்கும்போது மனைவி வந்து வாசித்துக்கொள்ளலாமா என்று மேனேஜரிடம் கேட்டு, சரி என்று வாங்கியும் வைத்திருந்தார். மனுஷன் அதற்காகத்தான் இந்த வெயிலுக்கு வந்ததே.

சிக்கல் என்னவென்றால், அவர் கையில் இருந்தது மாதா கோயில் கீதங்களும் சில பழைய வால்ட்ஸுகளும்தான். ஹோட்டலில் வந்து தங்கிய எண்ணெய்க் கம்பெனி அமெரிக்கர்களும் வெள்ளைக்காரர்களும் தங்கள் இளமைக் காலத்து ஹாலிவுட் ஆட்டபாட்டப் படங்களின் பாட்டுகளைக் கேட்டார்கள். மேனேஜர் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார். எண்ணெய்க் கம்பெனிக் குடும்பங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மதிய விருந்து வரப்போகிறது, அன்றைக்கு இவற்றை வாசிக்க வேண்டும், அதற்குப் பிறகு முடிவு சொல்கிறேன் என்றும் சொன்னார்.

"கேட்ட பாட்டுதானே ஸார், அப்படியே வாசிச்சுட வேண்டியதுதானே?" என்றேன், ரொம்பத் தெரிந்தவன் மாதிரி.

"எனக்குக் காது கிடையாது மேன், கண்ணுதான். பேப்பர் முன்னால இருந்தா எதையும் வாசிப்பேன். பேப்பர் இல்லாட்டி என் கை ஊமை." பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இது அத்தனையும் வீட்ல இருக்கு. அவ கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து சேர்த்தது. நீ லீவுல போறியே, கொண்டு வந்துடு."

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இருக்காது. ஊருக்குப் போகிறவன் பெட்டியில் பாதி அவனுடையது, பாதி மற்றவர்களுடையது. போகும்போது சேலையும் டார்ச்சும், வரும்போது ஊறுகாயும் மாத்திரையும் கடுதாசியும். யார் கொடுத்தாலும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. நானும் சொல்லவில்லை.

பொன்மலை வீட்டில் அந்த அம்மாள் எனக்கு காபி கொடுத்துவிட்டு, ஒரு பழைய பிஸ்கட் தகரத்திலிருந்து பாட்டுத் தாள் கட்டை எடுத்தார். நாடா கட்டியிருந்தது. மொத்தம் இருபத்திரண்டு பாட்டுகள். ஒவ்வொன்றும் பெரிய அளவுத் தாள், மேலே வண்ண அட்டை. அப்பா இன்ஜின் டிரைவராம். மெட்ராஸுக்கு டூட்டி போகும்போதெல்லாம் மவுண்ட் ரோட்டில் ஒரு இசைக் கடையில், புதுப் படம் வந்த சூட்டோடு மகளுக்கு ஒன்று வாங்கி வருவாராம். ஓரங்களில் எல்லாம் பென்சிலால் பொடிப்பொடியாக விரல் எண்கள்.

"பத்திரமாக் கொண்டு போங்க. இனிமே இதெல்லாம் எங்கயும் கெடைக்காது," என்றார். பிறகு மூலையில் கம்பளி போர்த்தியிருந்த தன் பியானோவைக் காட்டிச் சிரித்தார். "விசா வந்ததும் இதைக் கான்வென்ட்டுக்குக் குடுத்துடறதா சொல்லி வச்சிருக்கேன். ஹோட்டல்லதான் பெருசா ஒண்ணு இருக்காமே!"

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தேன். அட்டைக்கு அட்டை பெண்கள். வரிசையாக நின்று காலைத் தலைக்கு மேல் தூக்கியவர்கள், இறகு விசிறிக்குள் அரைகுறையாக நிற்பவர்கள், படிக்கட்டில் சாய்ந்து தொப்பிக்காரனின் முத்தத்தை வாங்கிக்கொண்டிருப்பவர்கள். எங்கள் ரூமில் ஏர்போர்ட் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. பத்திரிகையில் ஒரு நடிகை படம் இருந்ததற்கு ஒருவனை மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள் என்பார்கள். இன்னொருவனை அப்படியே திருப்பி அனுப்பினார்கள் என்பார்கள். அந்த ஒருவனையோ இன்னொருவனையோ நேரில் பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் நம்பினோம். விசாவை நம்பிக் குடும்பம் நடத்துகிறவனுக்கு எந்தக் கதையும் பொய்யாகத் தெரியாது.

புறப்படுகிற நாள் மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தேன். கொஞ்சம் தடித்த புத்தகம். அட்டையின் உள்பக்கம் முழுக்க விளம்பரம். வேறு பாட்டுகளின் இரண்டிரண்டு வரிகள், விலை, கடை முகவரி. சரிதான், நம்மூர் சினிமாக் கொட்டகைப் பாட்டுப் புத்தகம் போலத்தான், அட்டையில் கூந்தல் தைலம் உள்ளே பாட்டு என்று முடிவு கட்டினேன். அட்டையை உருவினேன். பிறகு மற்ற இருபத்தொன்றையும் எடுத்தேன். ஆணி இல்லை, தையல் இல்லை. அட்டையை விரித்தால் நடுவில் இருந்த தாள் தானாகக் கையோடு வந்தது. எவ்வளவு சுலபம் பாருங்கள்! மளமளவென்று உருவி, அட்டைகளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே போனேன். முதலாவதைப் பார்த்தேன், மற்ற எதையும் பார்க்கவில்லை. ஒரு செட் வரைபடத்தில் ஒரு ஷீட் குறைந்தால் ஜூனியர் பையன்களை உண்டு இல்லை என்று ஆக்குகிறவன் நான். என் புத்தியை எதால் அடிப்பது?

"என்னங்க, அட்டை நல்லா கெட்டியா இருக்கு. பொண்ணுங்க நோட்டுக்குப் போட்டுக்கவா?" என்றாள் மனைவி. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். "போட்டுக்கோ போட்டுக்கோ," என்று தாராளமாகச் சொன்னேன்.

அபுதாபி ஏர்போர்ட்டில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஊறுகாய் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார், "யல்லா" என்று போகச் சொன்னார். அவ்வளவுதான். தாள் கட்டை அவர் தொடக்கூட இல்லை.

ரூமுக்கு வந்து பியானோ ஸாரிடம் கட்டைக் கொடுக்கும்போது எனக்கு ஒரே பெருமை. "ஏர்போர்ட்ல பிரச்சினை வரக்கூடாதுன்னு அந்தப் பொம்பளை அட்டையெல்லாம் எடுத்துட்டேன் ஸார்."

அவர் ஒரு தாளை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். நாலைந்து பார்த்த பிறகு கட்டிலில் உட்கார்ந்தார்.

"முதல் பக்கம் எங்க மேன்?"

"அதான் இருக்கே ஸார்."

"இது மூணு, நாலு." தாளின் மூலையில் இருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார். "ரெண்டு அட்டைக்கு உள்பக்கம். அஞ்சு பின்னட்டைக்கு உள்பக்கம். எல்லாத்துலயும் நடு மட்டும் இருக்கு. தலையும் இல்ல, காலும் இல்ல."

திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் திட்டவே இல்லை. நான்தான் கத்தினேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொண்டு வந்திருக்கிறேன், என் வேலை போனால் யார் சோறு போடுவார்கள், நன்றி கெட்ட ஊர் இது, இப்படியெல்லாம். ரூமே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தாள்களைப் பட்டியல் வாரியாக அடுக்கி, அதே நாடாவால் கட்டினார். "நீ பயந்துட்ட மேன். யாரா இருந்தாலும் பயந்திருப்பான்," என்றார். அதற்கு மேல் என்னால் கத்தவும் முடியவில்லை. வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

விருந்துக்கு இருபது நாள் இருந்தது. கடிதம் போய் வர ஒரு மாதம் ஆகும். தந்தி கொடுத்தேன்: பாட்டு அட்டைகள் அனைத்தையும் உடனே அனுப்பு. ஊரில் தந்தி என்றால் சாவு. தபால்காரரைக் கண்டதும் என் அம்மா தரையில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டாளாம். பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொன்ன பிறகும், ஆள் போய்விட்டதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் நம்பவில்லையாம். மனைவி அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் நோட்டுகளைத் திரும்ப வாங்கி, பசையை ஈரத்துணியால் ஒற்றி உரித்திருக்கிறாள். பெண்கள் படம் வெளியே தெரியக் கூடாதென்று அவள் அட்டைகளைத் திருப்பிப் போட்டிருந்தாள். என் மகள்கள் அந்த ஸ்வரப் புள்ளிகளை வெளிப்பக்கம் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். மூன்று அட்டை போன இடம் தெரியவில்லை. பத்தொன்பது கிடைத்தன. தபாலை நம்பாமல், அபுதாபிக்கு வருகிற ஒரு தஞ்சாவூர்க்காரரிடம் கொடுத்து விட்டாள். அவருக்கு பம்பாயில் டிக்கெட் கிடைக்கவில்லை. அங்கேயே முடங்கிவிட்டார்.

அந்த இருபது நாளும் பியானோ ஸார் கட்டிலில் உட்கார்ந்து பலகை மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு பாட்டுக்குத் தானாகவே ஒரு தலையும் வாலும் யோசித்து எழுதினார். "அவ வாசிச்சது மண்டைக்குள்ள இருக்கணும் மேன். இருபது வருஷம் பக்கத்துல நின்னேன். ஆனா நான் எப்பவும் அடுத்த பக்கத்தையே பார்த்துக்கிட்டிருந்துட்டேன்," என்றார்.

விருந்தன்று தாள் திருப்ப ஆள் வேண்டும் என்று என்னை அழைத்துப் போனார். இரவல் கோட்டில் நான் அவருக்கு வலது பக்கம் நின்றேன். அட்டையில் வெறும் விளம்பரம் இருந்ததால் என் கைக்குத் தப்பி முழுசாக இருந்த அந்தத் தடித்த புத்தகப் பாட்டை முதலில் வாசித்தார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். பிறகு அவர் எழுதிய நாலு. பிறகு நடுத்தாள்கள். நடுவில் ஆரம்பித்து நடுவிலேயே நின்றார். நான் ஒற்றைத் தாளை ஒருமுறை புரட்டுவேன், அது முடிந்ததும் எடுத்துவிடுவேன். சாப்பாட்டுச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை என்றே நினைத்தேன். ஒரு அமெரிக்கக் கிழவி எழுந்து வரும் வரை.

வெள்ளைத் தலை, கையில் கோல். பியானோவில் கையை ஊன்றிக்கொண்டு, தாளின் மேல் இருந்த பாட்டின் பெயரைச் சொல்லி, இதை நான் பாட வேண்டும், முதலிலிருந்து வாசியுங்கள் என்றாள். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பியானோ ஸார் கையைக் கட்டை மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கிழவி அவரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், பிறகு தானாகவே பாட ஆரம்பித்தாள். நடுங்குகிற குரல், ஆனால் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. துணைக்கு ஒரு ஸ்வரம் இல்லாமல் அந்த முதல் பக்கம் முழுவதையும் பாடினாள். மூன்றாம் பக்கம் வந்ததும் பியானோ சேர்ந்துகொண்டது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நான் தாளைப் புரட்டினேன். நாலாம் பக்கம் முடிந்தது, பியானோ நின்றது. கடைசிப் பக்கத்தை அவள் மறுபடி தனியாகப் பாடி முடித்தாள். எல்லோரும் எழுந்து அவளுக்குக் கைதட்டினார்கள். மேனேஜர் தூண் ஓரமாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆட்கள் வருகிறார்கள். கலாஸ், முடிந்தது. பத்து நாளில் பியானோ ஸார் விமானம் ஏறினார். அவர் போய் ஒரு வாரம் கழித்துத் தஞ்சாவூர்க்காரர் பார்சலோடு வந்து சேர்ந்தார். யாரிடமாவது கொடுத்து விடு என்று ரூமில் சொன்னார்கள். இனி அதை ஒருவன் கையிலும் கொடுப்பதில்லை என்று கட்டிலுக்கு அடியில் வைத்தேன். வெட்கத்தில் கடிதமும் எழுதவில்லை. அடுத்த லீவு வர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று.

பொன்மலையில் அதே வீடு. இரண்டு பேரும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பியானோ ஸார் முகம் பேய் அறைந்தது போல் ஆனது. எனக்கு அப்போது விளங்கவில்லை. பார்சலைப் பிரித்து அந்த அம்மாளிடம் நீட்டினேன். "மன்னிச்சுடுங்க மேடம். பத்தொம்பதுதான் கெடைச்சுது."

அவர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எப்படி உங்ககிட்ட? எல்லாம் ஹோட்டல்லயே தொலைஞ்சு போச்சுன்னாரே."

"விடு மேன்," என்றார் பியானோ ஸார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷன் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. ஆனால் நான் விடவில்லை. எப்படி விடுவது? ஏர்போர்ட் பயம், உருவியது, நோட்டு, தந்தி, விருந்து என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பியானோ ஸார் எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. நாடா கட்டிய நடுத்தாள்களைக் கொண்டு வந்து மேஜை மேல் வைத்துவிட்டு, சுவர் ஓரமாக நின்றார்.

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார். "அந்தப் பாட்டெல்லாம் இப்ப யாருக்கும் வேணாமாம்னு சொன்னீங்க. பழசாயிடுச்சாம், கேக்க ஆளில்லயாம்னீங்க. ரெண்டு வருஷமா நான் பியானோவைத் தொறக்கவே இல்ல." பியானோவைப் போர்த்திய கம்பளியின் மேல் பூச்சட்டிகள் இருந்தன. "அதுக்கப்புறம் எனக்கு எதை வாசிக்கணும்னே தோணல."

பியானோ ஸார் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரோ, தான் பட்ட அவமானத்தை மறைக்கச் சொன்னாரோ, தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

"அந்தக் கிழவி," என்று அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "எல்லா வரியும் பாடினாளா?"

"எல்லா வரியும் மேடம். ஒண்ணு விடல."

"எந்தப் பாட்டு?"

எனக்குப் பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அட்டைகளைப் புரட்டி, கிழவி சொன்ன பெயர் அச்சிட்டிருந்த, தொப்பிக்காரனும் படிக்கட்டும் போட்ட அட்டையைக் காட்டினேன். அவர் அந்த நடுத்தாளைத் தேடி எடுத்து அட்டைக்குள் செருகினார். முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் என் மகளின் லேபிள் இன்னும் ஒட்டியிருந்தது: ஐந்தாம் வகுப்பு, கணக்கு. அதை அவர் உரிக்கவில்லை. பூச்சட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினார், கம்பளியை இழுத்துப் போட்டார், உட்கார்ந்தார். கிழவி தனியாகப் பாடிய அந்த முதல் பக்கத்தை அன்றுதான் பியானோவில் கேட்டேன். என்ன வாசிப்பு! இரண்டு வருஷம் மூடிக்கிடந்த கை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தத் தாள்களில் ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் பக்கம் திருப்ப வேண்டும். அந்த இடம் வந்ததும் பியானோ ஸார் பழக்கத்தில் நகர்ந்து வந்து வலது பக்கம் நின்று கையை நீட்டினார். அந்த அம்மாள் வலது கையை எடுத்து அவர் கையைத் தள்ளிவிட்டு, தாளைத் தானே திருப்பினார். அந்த ஒரு விநாடி இடது கை மட்டும் வாசித்தது.

பாட்டு முடிந்து அடுத்ததை எடுத்து வைத்தார். பியானோ ஸார் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையை மட்டும் நீட்டவில்லை.